சார்ட்டு அண்ணன் வாங்கிய மூன்று வருஷம்

தான் எந்த வருஷம் சாவோம் என்று தெரிந்துகொள்ள ஆறு மாதம் அலைந்து, யாருமே உருப்படியாகப் பதில் சொல்லவில்லை என்று ஊரையே கோபித்துக்கொண்ட மனிதர் ஜொகூர் மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார் என்பது என் தலையெழுத்து. கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் சார்ட்டு அண்ணன். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு, அதற்கு வருகிறேன்.

இள வயதில் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தவர். பிறகு ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிட்டையர் ஆகும்வரை வேலை. நோயாளியின் கட்டில் காலில் ஒரு சார்ட் தொங்குமே, காய்ச்சல் எத்தனை, நாடி எத்தனை என்று எழுதி வைப்பார்களே, அந்தப் பழக்கம் இவரை விடவே இல்லை. வேலை முடிந்து கட்டில் போய்விட்டது, சார்ட் மட்டும் வீட்டோடு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் ஒரு சார்ட், தோசை மாவு பொங்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று. மாமரத்தில் ஒரு சார்ட், எந்தக் கிளையில் எத்தனை பிஞ்சு என்று. அதில் அணில் தின்றது தனிக் கட்டம்.

கேட்டில் தொங்கியதுதான் பிரபலம். குப்பை லாரி எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி, டிரைவரிடமே கையெழுத்து வாங்குவார். முதல் வாரம் அந்த மலாய்க்கார டிரைவர் முறைத்தான். இரண்டாம் வாரம் சிரித்தான். மூன்றாம் மாதம் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்து, "பாக்சிக்! ஹாரி இனி சாயா அவால் லா!" என்று கத்திக்கொண்டு வருவான். இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டானாம், அதைப் பெரியவர் எழுதிக்கொள்ள வேண்டுமாம். எங்கள் வரிசையில் மட்டும் குப்பை தேங்கியதே இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், நம்ப மாட்டீர்கள். எங்கள் தாமானில் கடைசி வீட்டுத் தாத்தா தவறிப்போனார். மாலையெல்லாம் போட்டு, மேளக்காரர்கள் அடிக்கத் தயாராக நிற்கிறார்கள். இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம்! அழுதுகொண்டிருந்த மருமகள்கூட நிறுத்திவிட்டாள்.

"என்னண்ணே இது, டாக்டர்தான் காலையிலேயே சொல்லிட்டாரே?" என்று நான் காதில் கிசுகிசுத்தேன்.

"டாக்டர் காலையில பார்த்தாரு. இப்ப மணி ரெண்டு. ஒரு தடவ சரிபார்த்தா என்ன கொறஞ்சிடும்?" என்றார். பிறகு மேளக்காரர்களைப் பார்த்து, "ம், அடிங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்தியவர் சிஸ்டர் அக்கா. அவரும் நர்ஸ்தான். அண்ணன் சாஆ தோட்டத்துப் பிள்ளை, அக்கா லாபிஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் இரண்டு பேரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது ஆறாயிரம் மைல் தள்ளி, இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுக் கூடத்தில். ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, ஏழு வருஷம் கழித்து ஒரே விமானத்தில் திரும்பி வந்தவர்கள். அக்கா அதிகம் பேச மாட்டார். பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஏழு வருஷம்தான் வம்புக்கே காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இது. அவர்களுடைய ஒரே மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள், அங்கேயே வந்துவிடுங்கள் என்று பல காலமாகக் கூப்பிட்டு, ஒரு வழியாக விசாவும் கிடைத்துவிட்டது. அக்கா ஊறுகாய் பாட்டில்களைப் பிளாஸ்டிக் போட்டுச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அண்ணன் மட்டும் நகரவில்லை. மகளின் படிப்புக்காக வீட்டின் மேல் கடன் எடுத்திருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் அது வங்கிக்கே சரியாகப் போய்விடும். அப்புறம் அங்கே போய்க் கைச்செலவுக்கு?

"மாப்பிள்ளை தங்கமான பையன்தான் லா" என்றார் என்னிடம். "அதுக்காக, 'தம்பி, கோப்பித்தூள் முடிஞ்சிருச்சு, காசு குடுங்க'ன்னு நான் போய் நிக்கணுமா? சொந்தமா ஒரு வருமானம் இல்லாம நான் பிளேன் ஏற மாட்டேன்."

அப்போதுதான் அக்காவின் பழைய சிநேகிதி ஒருவர் இங்கிலாந்திலிருந்து போனில் ஒரு சேதி சொன்னார். அங்கே வேலை செய்த வருஷங்களுக்கு அரசாங்கப் பென்ஷன் உண்டு, ஆனால் குறைந்தது பத்து வருஷம் கணக்கில் இருக்க வேண்டும். குறைகிற வருஷங்களைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பத்து வருஷத்துக்கு முழுப் பென்ஷன் வராது, ஒரு துண்டுதான் வரும். அந்தத் துண்டும், பெர்த் மாதிரி ஊரில் இருந்தால், முதல் மாதம் எவ்வளவோ கடைசி வரைக்கும் அவ்வளவேதான், ஏறவே ஏறாது.

"ஏறாம இருக்கிறது நல்லதுதானே? பிரஷர் மாதிரி" என்றார் அண்ணன், முகமெல்லாம் பல்லாக.

இரண்டு பேருக்கும் ஏழு ஏழு வருஷம். இரண்டு பேருக்கும் மும்மூன்று வருஷம் குறைகிறது. காரை விற்ற பணம் கையில் இருந்தது. அது மூன்று வருஷம் வாங்கத்தான் காணும். ஆறு வருஷம் வாங்க முடியாது. மகளிடம் கேட்கலாம் என்று நான் சொன்னேன். "மக காசுல வாங்கினா அது மாப்பிள்ளை காசு" என்று என் வாயை அடைத்துவிட்டார். ஆக, ஒருத்தருக்குத்தான் பென்ஷன். யாருக்கு?

"உங்களுக்கே வாங்குங்க" என்றார் அக்கா, ஊறுகாய் பாட்டிலிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "நான் எங்க வேணா இருந்துக்குவேன். நீங்கதான் கையில காசில்லன்னா மூஞ்சைத் தூக்கி வெச்சிக்குவீங்க."

"அப்படியெல்லாம் வாய்க்கு வந்தபடி முடிவு பண்ண முடியாது" என்றார் அண்ணன். "பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்கிறவரைக்கும்தான் வரும். யாரு ரொம்ப நாள் இருப்பாங்களோ அவங்க பேர்லதான் வாங்கணும். இதுல தயவு தாட்சண்யம் கிடையாது. சயின்ஸ்!"

மறுநாள் சமையலறைச் சுவரில் ஒரு புது சார்ட் தொங்கியது. இரண்டு கட்டம். ஒன்றில் 'நான்', இன்னொன்றில் 'அவள்'. மேலே கொட்டை எழுத்தில் 'யார் முதலில்?' என்று எழுதியிருந்தது. நான் கறிவேப்பிலை வாங்கப் போனவள், அதைப் படித்துவிட்டுக் கறிவேப்பிலை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். அப்படியும் தப்ப முடியவில்லை. நான் செனாயில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் நாள் முழுக்கப் பாரம், அதாவது படிவம், நிரப்புகிறவள். இங்கிலாந்துப் பாரத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பவும், கார் இல்லாத அவரைச் சுமந்துகொண்டு அலையவும் என்னையே நியமித்துவிட்டார். சம்பளம், அவர் மாமரத்தில் அணில் விட்டுவைத்தது.

அதன் பிறகு ஆறு மாதம் நான் பட்ட பாடு! முதலில் இரண்டு குடும்பத்திலும் யார் யார் எத்தனை வயதில் போனார்கள் என்று ஒரு பட்டியல். அக்கா வீட்டில் பெண்கள் எல்லாரும் தொண்ணூறைத் தொட்டவர்கள். அண்ணன் வீட்டு ஆண்கள் அறுபத்தைந்திலேயே ஒவ்வொருவராக விடைபெற்றிருந்தார்கள். ஒரு சித்தப்பா மட்டும் எண்பத்தெட்டு. "அவர் கணக்குல வர மாட்டாரு, அவரு கல்யாணம் பண்ணிக்கல" என்று அடித்துவிட்டார்.

அடுத்து ஊர் அபிப்பிராயம். கோப்பிக் கடையில், மார்க்கெட்டில், கோயில் வாசலில் எவர் கிடைத்தாலும் நிறுத்தி, "என்னைப் பார்த்தா எத்தன வயசு வரைக்கும் இருப்பேன்னு தோணுது?" என்று கேட்பார். மனுஷர்கள் என்னவென்று பதில் சொல்வார்கள்? கோயில் ஐயர் கையில் விபூதியைத் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். கோப்பிக் கடைச் சீனக் கிழவர் மட்டும் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குருஸ் ஓராங் லாமா தாஹான் லா!" என்றார். ஒல்லியான ஆள் நெடுநாள் தாங்குவானாம். தன் சைக்கிளையும் உதாரணமாகக் காட்டினார். அண்ணனுக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. அதை சார்ட்டில் ஏற்றவும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசியில் ஜோசியரிடம் போனோம். ஜோசியர் கண்ணை மூடி, "தீர்க்காயுசு" என்றார்.

"அது வார்த்தை. எனக்கு நம்பர் வேணும்" என்றார் அண்ணன்.

"எண்பத்தி நாலு வரைக்கும் பயமில்ல."

"எந்த மாசம்? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

ஜோசியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தப்பிக்க வழி தேடினாரோ என்னவோ, ஐசியைக் கையில் வாங்கி, பஞ்சாங்கத்தைப் புரட்டி, நெற்றியைச் சுருக்கினார். "உங்க நட்சத்திரம் ரோகிணின்னு சொன்னீங்க. ஐசியில இருக்கிற தேதிக்கு ரோகிணி வராதே? ரெண்டுல ஒண்ணு தப்பு. முதல்ல எப்ப பொறந்தீங்கன்னு கேட்டுட்டு வாங்க, அப்புறம் எப்ப போவீங்கன்னு பார்க்கலாம்."

சார்ட்டு அண்ணனுடைய சொந்த சார்ட்டிலேயே தப்பா? மனிதர் அன்று சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னைச் சாஆவுக்குக் கிளப்பிவிட்டார். அங்கேதான் அவருடைய அத்தை இருக்கிறார். எண்பத்தைந்து வயது. நாங்கள் போனபோது போனில் யாரோ நண்டு சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவர் கேட்டதற்குக் கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"ரோகிணிதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப ஐசி தேதி?"

"அது உன்னுது இல்லடா, சின்னவனே. உன் அண்ணனுது."

"எனக்கு ஏது அத்தை அண்ணன்?"

அத்தை நண்டை நிறுத்தினார். "உனக்கு முன்னாடி ஒருத்தன் பொறந்தான். பொறப்புப் பத்திரமும் எடுத்தாச்சு, எட்டாம் மாசமே காய்ச்சல்ல போயிட்டான். அவன் பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சு நீ. திரும்பவும் தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்டப் போயி நின்னு எழுதணும்னா ஒரு நாள் வேலை போயிடும், ஒரு நாள் சம்பளம் போயிடும். பத்திரம்தான் பெட்டிக்குள்ள சும்மாத்தானே கெடக்குதுன்னு உங்கப்பன் அதையே உனக்கு வெச்சிட்டான். பேரும் அவன் பேருதான். அதனாலதான் உன்னை வீட்ல யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடல, சின்னவன், சின்னவன்னே கூப்பிட்டோம். ஏன், உனக்குத் தெரியாதா?"

அந்தக் காலத் தோட்டங்களில் இது அதிசயமில்லை. தேதியைப் பற்றி யாருக்குக் கவலை? ஆனால் போயும் போயும் இந்த மனிதருக்கா! திரும்பும் வழியில் யோங் பெங் வரைக்கும் ஐசியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கே பயமாகிவிட்டது. காரை நிறுத்தி ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

"எட்டு மாசம்தான் இருந்திருக்கான், தங்கச்சி" என்றார். "அவன் பேர்ல பள்ளிக்கூடம் போனேன், அவன் பேர்ல இங்கிலாந்து போனேன், அவன் பேர்லயே தாலி கட்டினேன். அவனுக்கு வயசாச்சுன்னு சொல்லி என்னை ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டையர் பண்ணிட்டாங்க." கோப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "நல்ல பையனா இருந்திருப்பான்."

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சட்டென்று நிமிர்ந்து, "இத சிஸ்டர்கிட்ட சொல்லிடாத. சார்ட்ல ஏத்தவும் வேணாம்" என்றார்.

அணில் தின்றதைக்கூட எழுதி வைக்கிற மனிதர், ஒரு விஷயத்தை எழுத வேண்டாம் என்கிறார்! எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அடுத்த நாள் சாயந்திரம் ஏழு மணிக்கு, சீரியல் தொடங்குவதற்கு முன், அவர் வழக்கமாக இரண்டு பேருக்கும் பிரஷர் பார்க்கும் நேரத்தில், தயிர் கேட்கிற சாக்கில் உள்ளே போய் நின்றேன். அண்ணன் தன் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினார். மெஷின் நூற்றுப் பதினெட்டு காட்டியது. நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதினார்.

"அண்ணே! நூத்திப் பதினெட்டு தானே?"

"மெஷின் சரியில்ல."

"அக்காவுக்கும் அதே மெஷின்தானே?"

"பொம்பளைங்களுக்குச் சரியா காட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, நெற்றியில் வியர்வை. மெஷின் நூற்று நாற்பத்தைந்து என்றது. அண்ணன் பதறிப்போய் நூற்று இருபத்தைந்து என்று எழுதினார். இவருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று நானும் பயந்துபோய், அடுத்த நாள் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் மாடி ஜன்னலில் நின்று அவர்கள் ஜன்னல் வழியாகக் கவனித்தேன். அலமாக்! அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மாடிப்படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாலாவது தடவையும் ஏறிக்கொண்டிருக்கிறார். பிரஷரை ஏற்றுகிறாராம்! நடுநடுவே கோப்பியில் உப்பை அள்ளிப் போட்டு ஒரு வாய் வேறு.

நன்றாகக் கேளுங்கள். யார் நெடுநாள் இருப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு போட்டி. போட்டியில் கலந்துகொண்ட இரண்டு பேரும் தோற்பதற்காகக் கள்ள ஆட்டம் ஆடுகிறார்கள். நடுவில் என் பெட்ரோல் காலியாகிறது.

அந்த வாரமே அக்கா ஒரு டின் முறுக்கோடு வந்தார். "பாரத்தை நீதானே நிரப்பப் போற? அவர் என்ன சொன்னாலும் சரி, அவர் பேரையே போட்டுடு. மாப்பிள்ளை வீட்ல அவர் கூனிக் குறுகி நிக்கிறத என்னால பார்க்க முடியாது" என்றார். அவர் போய்ப் பத்து நிமிஷத்தில் அண்ணன் ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். "கடைசி நேரத்துல அவ மனசை மாத்தப் பார்ப்பா. நீ அவ பேரையே போட்டுடு" என்றார். இரண்டு லஞ்சத்தையும் வாங்கிக்கொண்டேன். முறுக்கு கொஞ்சம் நமத்துப்போயிருந்தது.

குட்டு உடைந்தது அத்தையால்தான். விடைபெறுகிற பேச்சுக்காகச் சாஆவிலிருந்து வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டவர், நண்டு வைக்கும் முறையைச் சொல்லி முடித்துவிட்டு, "சின்னவன் பாவம், தன் வயசு தெரிஞ்சதுல இருந்து மனசு ஒடஞ்சி போயிருப்பான், பார்த்துக்கோ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஐந்தாவது நிமிஷம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம். அதிகம் பேசாத அக்காவின் சத்தம்!

"அப்ப நான் உங்களவிட ஒரு வயசு மூத்தவளா? முப்பத்தாறு வருஷமா 'என்னங்க, வாங்க, சாப்பிடுங்க'ன்னு கூப்பிட்டேனே, ஒரு சின்னப் பையனையா கூப்பிட்டேன்?"

நான் ஓடிப்போய் நின்றபோது அண்ணன் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா கையில் தோசைக் கரண்டி.

"எனக்கே இப்பத்தானே தெரியும்!"

"தெரிஞ்சதும் ஏன் சொல்லல? ம்? ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியும் தம்பி. சின்னவங்கதானே ரொம்ப நாள் இருப்பாங்க? உங்க சயின்ஸ்படி நீங்கதான் ஜெயிச்சீங்க. பேசாம உங்க பேர்ல வாங்குங்க."

"கவர்மெண்ட் என்ன ரோகிணியையா பார்க்கும்? ஐசியைத்தான் பார்க்கும். ஐசிபடி நான்தான் மூத்தவன். நான்தான் முதல்ல போகணும்."

"சாவுக்கு ஐசி கிடையாதுய்யா!"

தம்பி என்கிறார், அடுத்த மூச்சில் ஐயா என்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று முதல் வீட்டில் ஒரே கூத்து. கோபம் வந்தால் அக்கா "தம்பி, துணியை எடுத்துக் காயப் போடுங்க" என்பார். அண்ணன் அடக்கமாக "சரிங்கக்கா" என்பார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பிளேன் டிக்கெட்டோ போட்டாகிவிட்டது. கிளம்புவதற்குள் முடிவு தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தான் கூலாயிலேயே இருந்துகொள்வதாகவும், அக்கா மட்டும் மகளிடம் போகலாம் என்றும் அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அதைக் கேட்டு அக்கா அழுததைப் பார்த்தேன். வேடிக்கை பார்த்தது போதும் என்று தோன்றிவிட்டது எனக்கு.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். சமையலறை மேசையில் திறந்து வைத்து, இரண்டு பேரையும் இரண்டு பக்கம் உட்கார வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் நானே நிறுத்த முடியாது.

"அண்ணே, உங்க பிரஷர் நூத்திப் பதினெட்டு. நூத்தி அம்பத்தெட்டு இல்ல. அக்கா, அடுத்த வாட்டி மாடிப்படி ஏறுறதுக்கு முன்னாடி ஜன்னல் துணியை இழுத்து விடுங்க. ரெண்டு பேரும் சுவத்துல பொய்யை மாட்டி வெச்சிட்டு, என்னை வேற அதுக்கு லஞ்சம் குடுத்துக் கூட்டு சேர்த்திருக்கீங்க. உண்மையச் சொன்னாத்தான் நான் பேரைத் தட்டுவேன். இல்லன்னா இதை மூடிட்டு நான் வேலைக்குப் போறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். "மாடிப்படியா?" என்றார் அண்ணன். "நூத்திப் பதினெட்டா?" என்றார் அக்கா. வெளியே குப்பை லாரி ஹாரன் அடித்தது. அண்ணன் எழுந்து போகவில்லை. இதை நான் சத்தியம் செய்தே சொல்ல முடியும், அந்த ஒரு நாள்தான் கேட்டு சார்ட்டில் கட்டம் காலியாக இருந்தது.

"சொல்லுங்கண்ணே."

அவர் அக்காவைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார். "நான் முதல்ல போயிட்டா என் பேர்ல இருக்கிற பென்ஷன் என்னோடயே போயிடும். அவ யார்கிட்டயும் கை நீட்டக் கூடாது. ஏழு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்து எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் குடுத்தவ. அது ஒரு பக்கம்."

"இன்னொரு பக்கம்? அக்கா முதல்ல போயிட்டா?"

"போயிட்டா…" சார்ட் எழுதுகிற பேனாவை மூடி மூடித் திறந்தார். "அவ இல்லாத வீட்ல எனக்குக் கோப்பி எதுக்கு, தங்கச்சி? காசு இருந்து என்ன பண்ணப் போறேன்? அதனால எந்தப் பக்கம் பார்த்தாலும் அவ பேருதான் வருது. ஆறு மாசமா இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அவளை ஒத்துக்க வைக்கத்தான் சார்ட்."

அக்கா எழுந்து அடுப்புப் பக்கம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கழுவினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழைய சிஸ்டர் குரல்.

"என் பேரையே போடு. ஆனா ஒண்ணு. கோப்பித்தூளுக்கு இந்த மனுஷன் என்கிட்டயும் கேக்கக் கூடாது. கேக்காமலே குடுப்பேன். அதையும் எழுதிக்கச் சொல்லு."

எழுதிக்கொண்டார். சார்ட்டின் அடியில், தேதி போட்டு. நான் அக்காவின் பெயரைத் தட்டினேன். மெஷினைக் கொண்டுவந்து நானே அண்ணனுக்குப் பிரஷர் பார்த்தேன், நூற்று முப்பது இருந்தது. அது அழுததால் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பிளேன் ஏறினார்கள். வீட்டில் இப்போது செனாய் பாக்டரியில் வேலை செய்யும் ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கிறது. அவர்களுக்கு அந்தக் கேட்டு சார்ட் எதற்கென்று புரியாமல் கழற்றப் போனார்கள். நான் சண்டை போட்டு நிறுத்தினேன். குப்பை லாரி நேரத்தை நான்தான் எழுதுகிறேன். டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாக்சிக் எப்படி?" என்று விசாரிப்பான்.

போன மாதம் அக்காவுக்கு அறுபத்தாறு முடிந்து பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது. முதல் பணத்தில் கோப்பித்தூள் வாங்கிக் கேட்காமலே அண்ணன் முன்னால் வைத்தாராம். அவர் அதற்கு ரசீது எழுதிக் கொடுத்தாராம். ஐசியைத் திருத்தவே இல்லை. ஒரு தப்பான எண்ணை அவர் வாழ்க்கையில் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார் என்றால் அது அதுதான். அந்த எட்டு மாசத்து அண்ணனுடைய பெயர், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்.

பெர்த்துக்கும் கூலாய்க்கும் ஒரே நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, நான் இட்லித் தட்டோடு உட்காரும்போது, போனில் ஒரு படம் வரும். அந்த வாரத்துப் பிரஷர் சார்ட். 'நான்' என்ற கட்டத்தில் நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினாறு, நூற்று இருபது. எனக்குத்தான் இந்த மனிதரைத் தெரியுமே! உடனே அக்காவைக் கூப்பிடுவேன். "அக்கா, மெஷினை நீங்க கண்ணால பார்த்தீங்களா? நிஜமா அந்த நம்பர்தானா?" என்று கேட்பேன்.

"பார்த்தேன்டி. சரியாத்தான் எழுதியிருக்கார்" என்பார் அக்கா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இட்லி இறங்கும்.